பாவனைக்குப் பொருள் சொன்ன நாள்

ஒரு வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, பெற்ற தாயை யாரோ ஒருத்தியாக நடத்தினேன். நீங்கள் மன்னிக்க வேண்டாம். மன்னித்தால் உங்கள்மேல் எனக்கு மரியாதை போய்விடும்.

நான் லிந்துலையில் தமிழாசிரியன். ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிகளின் லயத்து வீட்டில் பிறந்தவன். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் அந்த ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன். திரும்பி வந்தும் விடவில்லை. எந்த ஊர் என்று யாராவது கேட்டால் சிரித்து மழுப்புவேன். அத்தனை கீழ்மை.

அன்று பாடத்தில் 'பாவனை' என்ற சொல் வந்தது. நிரோஷா என்ற மாணவி எழுந்தாள்.

"சேர், பாவனைன்னா பாவிக்கிறதுதானுங்களே? மருந்து போத்தல்ல அப்படித்தான் போட்டிருக்கு."

"ஓம், பயன்படுத்துறது எண்டது ஒரு கருத்து. இன்னொருத்தரைப்போலச் செய்துகாட்டுறதும் பாவனைதான். பாருங்கோ."

கூனிக் குனிந்து, நெற்றியில் கொழுந்துக் கூடையின் கயிற்றைப் பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு, "கொழுந்து நிறுக்க நேரமாச்சுங்கய்யா" என்று இழுத்தேன். வகுப்பு சிரித்தது. கொழுந்து பறிக்கிறவர்களின் பிள்ளைகள், தங்கள் அம்மாக்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கற்றுக்கொடுத்தவன் நான்.

நிமிர்ந்தபோது வாசலில் என் அம்மா.

நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கண்ணைக் காட்ட வந்தவள், அப்படியே என்னையும் பார்க்க பஸ் ஏறியிருக்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ...

"ஆரைப் பார்க்க வந்தனீங்கள், அம்மா?" என்று கேட்டேன். வழியில் போகிற எந்தப் பெண்ணையும் கூப்பிடுகிற 'அம்மா' அது.

அவள் என்னைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"புள்ள எப்படிப் படிக்குதுன்னு கேக்க வந்தேங்க, சேர். இது வேற பள்ளிக்கூடம் போல. தெரியாம வந்துட்டேங்க."

என்ன நடிப்பு! என் மானத்தைக் காப்பாற்ற ஒரு நொடியில் யாரோ ஆகிவிட்டாள்.

தூறலில் அவள் பாதையில் இறங்கிப் போவது ஜன்னலில் தெரிந்தது. ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நான் அடுத்த சொல்லுக்குப் பொருள் சொன்னேன். மணி அடித்ததும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன். அது தொண்டையில் இறங்கவும் செய்தது.

அம்மா இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் என் வீட்டுக்கு வருகிறாள். கதவு திறந்தே கிடந்தாலும், செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நிற்கிறாள்.

"உள்ள வரலாங்களா?"

"அத்தைக்கு எப்பவும் குசும்புதான்" என்று என் மனைவி சிரிக்கிறாள்.

குசும்புதானா என்று நான் இன்னும் கேட்கவில்லை.