வெள்ளைச் சீட்டும் ஒரே ஒரு நாற்காலியும்

வக்கீல் தொழிலில் வாய் இருக்கிறவன் பிழைத்துக்கொள்வான் என்று வெளியே இருக்கிறவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், காதைப் பொத்தத் தெரிந்தவன்தான் பிழைக்கிறான். கோடை விடுமுறையில் பெரிய ஆபீஸுக்குப் பயிற்சிக்குப் போய் வதங்கி வந்த சட்டக் கல்லூரிச் சொந்தங்களே, இது உங்களுக்குத்தான். இனிமேல் போகப்போகிறவர்களும் படிக்கலாம். படித்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

முதல் நாள்

மதுரை கே.கே. நகரில் மூன்று மாடி ஆபீஸ், முப்பது வக்கீல்கள், எல்லாருக்கும் மேலே ஒரு மேடம். மே மாதம் எங்களில் எட்டுப் பேரைப் பயிற்சிக்கு எடுத்தார்கள். ஆறு வாரம் முடிந்ததும் ஒரே ஒருவருக்கு ஜூனியர் வேலை. மற்ற ஏழு பேரும் பெரிய பெரிய காலேஜ். நான் அரசு சட்டக் கல்லூரி, மேலூருக்குப் பக்கத்துக் கிராமம், தினமும் டவுன் பஸ்ஸில் நசுங்கி வருகிறவள். எங்கள் குடும்பத்தில் வக்கீல் ஆபீஸ் வாசப்படியை மிதித்தவர்கூடக் கிடையாது. மதுரையில் எங்கேயும் சேர முடியாவிட்டால் கறுப்புக் கோட்டைப் பீரோவில் மாட்டிவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான். அதனால் அந்த நாற்காலி எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பவே வேண்டும்.

கோர்ட்டில் நின்று வாதாடுகிற கனவோடு போன எங்கள் கையில், தலைமை குமாஸ்தா ராம்பாபு அண்ணன் ஆளுக்கொரு கட்டு வெள்ளைச் சீட்டைக் கொடுத்தார். அவர் வீட்டுக்குப் போன் பேசினால் சௌராஷ்டிரா, எங்களைத் திட்டினால் சுத்த மதுரைத் தமிழ். யார் உள்ளே வந்தாலும் அவர் பெயரையும் எதிராளி பெயரையும் சீட்டில் எழுதி அண்ணனிடம் தர வேண்டும். அந்த எதிராளி ஏற்கெனவே நம் ஆபீஸின் கட்சிக்காரரா என்று அவர் பார்ப்பார். ஒரே ஆபீஸ் இரண்டு பக்கமும் நிற்க முடியாது இல்லையா? கடைசியாகச் சொன்னார்: "தண்ணி குடு, பேரைக் கேளு, சீட்டை எங்கிட்ட குடு. கதை கேக்குற வேல உனக்கு இல்ல."

இருநூற்றுப் பதினேழு

பயிற்சி என்றால் என்னவென்று கேட்பீர்கள். பக்க எண் போடுவது. இரண்டாவது வாரம் நானூறு பக்கக் கட்டு ஒன்று, மூன்று பிரதி. அன்று மதியத்துக்குள் ஹைகோர்ட்டில் தாக்கல் செய்யவில்லை என்றால் மறுநாள் காலையில் ஒருவருடைய கடையைக் காலி செய்துவிடுவார்கள். ஹைகோர்ட்டுக்குப் போகும் கார் ஒத்தக்கடையை நெருங்கும்போதுதான் பார்த்தேன், 217 என்ற எண்ணை இரண்டு பக்கத்துக்குப் போட்டிருக்கிறேன். அதற்கப்புறம் பொருளடக்கத்தில் ஒன்றுகூடச் சேராது.

பின் சீட்டில் உட்கார்ந்து, மடியில் பேப்பர்க் கட்டை வைத்து, அழித்து அழித்து எழுதினேன். வியர்வை பேப்பரில் விழுந்துவிடக் கூடாதே என்று துப்பட்டாவை நெற்றியில் கட்டிக்கொண்டேன். கவுண்டர் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் கட்டு உள்ளே போனது. கூட வந்த ஜூனியர் வக்கீல் செல்வி அக்கா டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மேடத்துக்கிட்ட நான் சொல்லல. நீயும் சொல்லாமயே இருந்து பாரு, அவுங்களுக்கு எப்படியும் தெரிஞ்சிருக்கும்."

நம்ம ஊர்ப் பேச்சு

நாலாவது வாரம் ஒரு மதியம். ராம்பாபு அண்ணன் சாப்பிடப் போயிருந்தார், முன் மேஜையில் நான் மட்டும். ஐம்பது வயது இருக்கும், கையில் மஞ்சப் பையோடு ஒருவர் வந்து, "வக்கீலு இருக்காகளா தாயி? எம்புட்டு நேரமாகும்?" என்றார். பேச்சைக் கேட்டதும் ஊரைக் கேட்டேன். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். நாலு வாரமாக ஆபீஸ் இங்கிலீஷில் திணறிக்கொண்டிருந்தவளுக்கு அந்தப் பேச்சு போதாதா? உருகிவிட்டேன்.

நாற்காலி போட்டேன், தண்ணி கொடுத்தேன். அதோடு நின்றிருக்க வேண்டும். "என்ன விஷயம் பெரியப்பா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அரை மணி நேரம் பேசினார். பத்திரத்தை விரித்தார். வக்கீலிடம் மட்டுமே சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். என்ன சொன்னார் என்று இங்கே எழுத மாட்டேன். எல்லாம் முடிந்த பிறகுதான் சீட்டு ஞாபகம் வந்து, எதிராளி பெயரைக் கேட்டேன். ஒரு கல்குவாரி கம்பெனி பெயரைச் சொன்னார். அந்தக் கம்பெனி ஃபைல்கள் மட்டும் எங்கள் ஆபீஸில் ஒரு அலமாரி. அந்த வழக்குகளை நடத்துவது ஆபீஸுக்கே தலைவியான மேடம்.

இங்கே உங்கள் வழக்கை எடுக்க முடியாது, வேறு வக்கீலைப் பாருங்கள் என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. பத்திரத்தை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்தார். "இத மொதல்லயே கேட்டிருக்கலாம்ல தாயி. நம்ம ஊருப்பக்கத்துப் புள்ளைன்னு நம்பித்தானே அம்புட்டையும் கொட்டுனேன்."

ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில்

சீட்டு என் கையில். பார்த்தது ஹரி மட்டும், எட்டுப் பேரில் ஒருவன், ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தான். கெட்டவன் இல்லை. சீட்டை மறைத்தால் நாளைக்கே அந்த அலமாரி ஃபைல் ஒன்று என் மேஜைக்கு வரும். கேட்டதைக் கேட்காத மாதிரி எழுத எனக்கு வராது. சொன்னால் நாற்காலி போச்சு. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து மேடம் அறைப் பக்கம் நடந்தேன். ஹரி பின்னாலேயே வந்து, எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னான்: "லூசா நீ? இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்கு. கிழிச்சுப் போடு, யாரு பாத்தா?"

மேடம் அறை

மேடம் சீட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எவ்வளவு நேரம் பேசுன?"

"அரை மணி நேரம், மேடம்."

"என்ன சொன்னாரு?"

சொல்ல முடியாது மேடம் என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை, "இங்க யாருகிட்ட வேலை பாக்குறேன்னு ஞாபகம் இருக்கா?" என்றார். "இருக்கு மேடம். ஆனா அவரு வக்கீல் ஆபீஸ்னு நம்பி எங்கிட்ட சொன்னாரு." ஏசி ஓடுகிறது, எனக்கு முதுகெல்லாம் வியர்வை. அவர் சோதித்தாரா, நிஜமாகவே கேட்டாரா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, நான் அந்த அலமாரியைத் தொடவே கூடாது என்று எழுதி ராம்பாபு அண்ணனுக்கு அனுப்பினார். "போய் பக்க நம்பர் போடு. இந்தத் தடவ இருநூத்துப் பதினேழ ரெண்டு தடவ போடாத."

கடைசி நாள்

நாற்காலி ஹரிக்குப் போனது. நான் பாத்ரூமில் போய் அழுதேன். கோபம்தான் அதிகம். உண்மையைச் சொன்னதற்கு இதுதான் கூலியா? கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தபோது மேடம் கூப்பிட்டார். என்னை வேலைக்கு எடுத்தால், அந்த மனிதருடைய ரகசியம் தெரிந்த பெண் எதிர்த்தரப்பு ஆபீஸிலேயே இருக்கிறாள் என்று அவருடைய வக்கீல் கோர்ட்டில் எழுந்து நிற்பார். கம்பெனி வழக்கையே விட வேண்டியிருக்கும், அது தன்னால் முடியாது என்றார். கதவுவரை வந்துவிட்டேன். அப்போதுதான் சொன்னார்: "நீ அன்னைக்கு வாயத் திறந்திருந்தா அன்னைக்கே அனுப்பியிருப்பேன். திறக்கல, அதனாலதான் இன்னைக்கு வரைக்கும் வச்சிருந்து அனுப்புறேன்."

மாட்டுத்தாவணி

சாயங்காலம் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் மேலூர் பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரம் அதே மஞ்சப் பை. எனக்குத் திரும்பி இறங்கிவிடலாம் போல இருந்தது. அவரே நகர்ந்து இடம் கொடுத்தார்.

"அவுககிட்டச் சொல்லிப்புட்டியா தாயி?"

"இல்ல பெரியப்பா."

"அப்ப வேல?"

"கெடைக்கல."

பஸ் யானைமலையைத் தாண்டியது. எனக்கு ஆறு வாரத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது. வேறு வக்கீல் கிடைத்தாரா என்று கேட்டேன். கிடைத்துவிட்டார் என்றார். வழக்குப் போட்டாச்சா என்றேன். பையை மடியில் இறுக்கிக்கொண்டு சொன்னார்: "எங்குட்டுப் போட? மூணு நாளாப் போறேன், நான் வாயே தொறக்கல. மொதல்ல அவுக எதிராளி பேரக் கேட்டு அந்த வெள்ளச் சீட்ட எடுக்கட்டும்னு உக்காந்திருக்கேன்."

ஆக, அந்த ஆறு வாரத்தில் அந்த ஆபீஸ் உருப்படியாகப் பயிற்சி கொடுத்து அனுப்பியது ஒரே ஒரு ஆளைத்தான், அவரும் சட்டக் கல்லூரிப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்.