பாலாற்றில் தோண்டிய குழி

என் வீட்டு மாடியில் குடியிருப்பவர் நேபாள நாட்டவர். சிங்கப்பெருமாள் கோயிலருகே ஒரு தொழிற்சாலையில் பணியாற்றுகிறார். அவருடைய ஊர் மகாகாளி ஆற்றின் கிழக்குக் கரையில் உள்ளது. மேற்குக் கரை இந்தியா. தங்கையை மேற்குக் கரையில்தான் மணம் செய்து கொடுத்திருக்கிறார்கள். தொங்குபாலத்தைக் கடந்து வேற்று நாட்டுச் சந்தைக்கு வருவதும், தங்கை வீட்டில் உண்டு மாலையில் தம் நாடு திரும்புவதும் அவர்களுக்கு அன்றாடம். அதை அவர் சொல்லக் கேட்கும்போதெல்லாம் நானும் விட்டுக்கொடாமல் பாலாற்றைப் பற்றிப் பேசுவேன். மேலே நீர் தெரியாது, மணலைக் கையால் தோண்டினால் ஊற்றெடுக்கும் என்பேன். இளமையில் கண்டதை நேற்றுக் கண்டதுபோல் சொல்வது என் வழக்கம்.

சென்ற மாதம் அவருடைய தாயார் காலமானார். இவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அண்ணன் எரியூட்டிச் சாம்பலை ஆற்றில் விட்டார். இவர் இங்கே தலை மழித்து, வெள்ளையுடுத்து, உப்பின்றி உண்டு நோன்பிருந்தார். நிறைவு நாளில் ஆற்றில் எள்ளும் நீரும் விட வேண்டுமாம். நம் ஆறு இருக்கிறதே, நானே அழைத்துப் போகிறேன் என்றேன்.

பாலாற்றுப் பாலத்தருகே இறங்கினோம். மணலெல்லாம் வாரப்பட்டுக் களிமண் தெரிந்தது, பள்ளங்களில் கோழிக்கழிவு. ஓரிடம் தேர்ந்து தோண்டினேன். அவரும் மண்டியிட்டுத் தோண்டினார். கை நோகும்வரை தோண்டியும் ஈரம் தென்படவில்லை. மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், ஆத்துல தண்ணி தேடிகினு கீறீங்களா? கடைல கேன் விக்கிறாங்க. அத்த வாங்கி ஊத்திட்டுப் போங்க.”

நேபாளத்தவர் சிரிக்கவில்லை. உடன் வேலை செய்வோரிடம் கற்ற தமிழில் என்னைக் கேட்டார்: “சார், ஆறு எங்க கீது?”

அதன் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தோம். அதைச் சொல்லாமல் புவியியல் பேசினேன். மகாகாளி நீர் கங்கையைச் சேர்கிறது, கங்கை வங்கக் கடலைச் சேர்கிறது, மாமல்லபுரத்தில் அலையடிப்பதும் அதே கடல். அம்மாவுக்கு அங்கே நீர் விடலாம் என்றேன். அதில் பொய்யில்லை. ஆயினும் என் ஆற்றை மறைக்கவே அந்த மெய்யைச் சொன்னேன். அவர் நன்றியோடு தலையசைத்தார்.

மாமல்லபுரத்தில் அலைக்குள் நின்று எள்ளை விட்டார். கரையேறியதும் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். எங்கே செய்தாய் என்று கேட்டிருக்க வேண்டும். இவர் மறுமொழியில் எனக்கு விளங்கிய சொல் ஒன்றே: பாலாறு. அண்ணன் கண்ணுக்குத் தெரியாதென்றாலும், அதன் அகலத்தைக் காட்ட ஒரு கையை நன்றாக விரித்தார்.

நான் அவர் பக்கம் திரும்பாமல், நகக்கண்ணில் அப்பியிருந்த களிமண்ணை அலையில் கழுவிக்கொண்டிருந்தேன்.