பேர் இல்லாத குட்டிக் கோள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் கடத்தூரில் வாத்தியாராக இருந்தேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே புதிதாக ஒரு குட்டிக் கோளைக் கண்டுபிடித்ததாகப் பத்திரிகையில் வந்தது. பேர் வைக்கவில்லை, அடையாளக் குறி மட்டும்தான். “பேர் வைக்கக்கூடத் தெரியாத துரைமார்” என்று வகுப்பில் கேலி செய்தேன்.

சித்தேரி மலையிலிருந்து சந்தைக்குச் சாமை கொண்டுவந்த மாரியிடமும் அதையே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“மேயப் போன கன்னு தானா வூடு திரும்பினாத்தானுங்க நாங்களும் பேர் வெப்போம். அது சுத்தி வந்துச்சுங்களா?”

பள்ளிக்கு ஓடி வானநூலைப் புரட்டினேன். கணக்கிட்ட பாதையில் மறுபடி தென்பட்டு, சுற்று உறுதியான பிறகுதான் பேராம்!

வேறொருத்தர் சொல்லித்தான் என் தப்பு தெரிந்தது என்று மறுநாள் வகுப்பில் ஒப்புக்கொண்டேன். “சரியான விடையைச் சொன்னது யாருங்க சார்?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்: சித்தேரி மாரி.

அன்று சாயங்காலம் அதை அழிக்க எனக்கு மனசு வரவில்லை.