ஜெயவேலின் வெள்ளை பக்கெட்

எங்கள் தெருத் தண்ணீருக்கு ஜெயவேல்தான் நீதிபதி. யாரும் நியமிக்கவில்லை, அவராகவே ஆகிவிட்டார். எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியின் கழிவுநீர்க் குட்டைக்குக் காவல்காரர். பதினோரு வருஷமாக அதன் மண்கரையில் நடக்கிறார். கரைக்குக் கீழேதான் எங்கள் தெருவும், எங்களுக்கென்று இருக்கும் ஒரே அடிபம்பும்.

தினமும் காலையில் வெள்ளை பெயிண்ட் பக்கெட்டில் தண்ணீர் அடித்து, கால் மணி நேரம் வைத்து, அடியில் மண் தங்குகிறதா என்று பார்ப்பார். மழைக்குப் பிறகு பத்து நாள் ஒரே கலங்கல். "யாரும் தொடாதீங்கோ" என்று அதட்டினார். லாரித் தண்ணீருக்கு நாய் மாதிரி அலைந்தோம். பதினோராம் நாள் தெளிந்துவிட்டது.

"சோக்கா கீது, குடிங்கோ!" என்றார்.

அவர் சொல்லுக்கு மறுபேச்சு ஏது? மூன்று வாரமாகக் குடித்தோம். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அவர் மகள் எழில்மொழியும் குடித்தாள்.

முந்தாநாள் கம்பெனி கூப்பிட்டு மதி என்ற ஆய்வுக்கூடத்துப் பெண் வந்தாள். கசிவு எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கக் குட்டையில் பச்சைச் சாயம் ஊற்றினாள்.

"போன வருஷம் ஊத்துனதே ஒரு மாசமாகியும் கரையத் தாண்டலம்மா" என்று ஜெயவேல் சிரித்தார்.

"அப்ப கரைக்கு நடுவுல பொடிமண்ணு அடைச்சிருந்துச்சுண்ணே. கசிவு அதை அரிச்சு வெளிய தள்ளிட்டா வழி திறந்துடும். அப்புறம் குட்டைல கரைஞ்சிருக்கற கழிவெல்லாம் நிக்காம ஓடும். கண்ணுக்கும் தெரியாது. கீழ எங்கயாவது தண்ணி கலங்கலா வந்து, பிறகு தெளிஞ்சுதா?"

ஜெயவேல் கரையிலிருந்து இறங்கி ஓடிவந்து, பம்புக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார். ஏன் என்று கேட்டதற்கு, "யாரும் தொடாதீங்கோ" என்றார் மறுபடியும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் பூட்டை இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்ததைக் கண்டதும் என்னையும் பயம் பிடித்துக்கொண்டது.

இன்று காலை அவரே பூட்டைத் திறந்து பக்கெட்டில் அடித்தார். கால் மணி நேரம் எல்லோரும் பக்கெட்டைச் சுற்றி நின்றோம். அடியில் ஒரு பொட்டு மண்கூட இல்லை. தண்ணீர்தான் லேசாகப் பச்சையாக இருந்தது.

எழில்மொழி வயிற்றைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா நைனா, பச்சையா கீது? மூணு வாரமா இதத்தானே குடிச்சினுகீறேன். புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

தெருவே அவர் வாயைப் பார்த்து நின்றது. ஜெயவேல் சங்கிலியை எடுத்து மறுபடியும் பம்பைப் பூட்டினார்.