புள்ளியக்காவும் கீழ்காற்றும்

அச்சகத்தில் எல்லோரும் அவளைப் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தோரு வருடமாகப் பிழை திருத்துகிறாள். ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போயிருந்தால் போதும், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவளிடம் தப்பவே முடியாது. வீட்டிலும் அதே கூத்துதான். மருந்துச் சீட்டானாலும் சோப்பு உறையானாலும் காதிலிருந்து பென்சில் இறங்கிவிடும்.

அப்படிப்பட்டவளுக்கு ஐம்பத்து நான்கு வயதில் மலைப் பைத்தியம் பிடித்தது. ஒரு நாட்காட்டியின் தேதிகளை ஒன்பது தடவை சரிபார்த்தவள், அது அச்சாகி வந்த பிறகுதான் தேதிகளுக்கு மேலே ஒரு படம் இருப்பதையே கவனித்தாள். மலை. அதன் உச்சிக்குச் சற்றுக் கீழே ஓர் ஏரி. அவ்வளவு உயரத்தில் தண்ணீர் எப்படி நிற்கிறது? மூன்றாவது மாடிக்கு மேல் ஏறியறியாதவள் வாயடைத்துப் போய் அந்தத் தாளின் முன்னால் நின்றாள். இதை நேரில் பார்த்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

கூட வருவதற்கு இருந்த ஒரே ஆள் தங்கை. ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு வருடம் கழித்து அவளுக்குக் கிடைத்த பத்து நாள் விடுப்பு, பார்த்துப் பார்த்து, காடு பற்றி எரிகிற மாதத்தில் வந்து விழுந்தது. மலையின் நடுப்பள்ளத்தில் ஏற்கெனவே ஆறு நாளாகத் தீ இருந்தது. சின்னத் தீதான். அதனால் வனத்துறை மலையை மூடவில்லை. ஆனால் எந்த முகாமில் தங்கப்போகிறோம் என்று எழுதிக்கொடுத்த பிறகே ஏறவேண்டும். முகாம்கள் இரண்டு. பள்ளத்துக்குக் கிழக்கே பாறை முகாம். மேற்கே, இன்னும் உயரத்தில், ஏரி முகாம்.

"தீ எரியிற மலைக்கு என்னை யாரை நம்பி வரச்சொல்ற?" என்றாள் தங்கை.

"என்னை நம்பித்தான். காத்து நிலவரம் கேக்காம நான் இடத்தை முடிவு பண்ணுவேனா?"

"சரிக்கா. அதை நீயே பாத்துக்க. நான் கேள்வி கேக்கல."

அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. கூடாரம், கயிறு, கம்பளி, அடுப்பு என்று கூடம் முழுக்கப் பரப்பி, சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக எடை பார்த்தாள் புள்ளியக்கா. எடை குறையட்டும் என்று பல்தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டினாள்.

"இப்படியே போனா என் காலையும் பாதியா வெட்டிடுவ," என்றாள் தங்கை. அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மலைமேல் ஒரு கண்காணிப்புக் கோபுரம் உண்டு. அங்கிருக்கும் காவலர் தினமும் சாயங்காலம் நாலு மணிக்குத் தொலைபேசியில் காற்று நிலவரம் சொல்வார். புள்ளியக்கா கேட்டாள்.

"நாலு நாளைக்குக் கீழ்காத்துதாம்மா," என்றார் அவர். அடுத்த அழைப்பு காத்திருந்ததால் வைத்துவிட்டார்.

அவள் நோட்டில் அழகாக எழுதினாள்: கீழ் காற்று. நடுவில் ஓர் இடைவெளி. முப்பத்தோரு வருடப் பழக்கம், சொல் பிரியவேண்டிய இடத்தில் பிரித்தே எழுதுவாள். காற்று கீழேதான் அடிக்கப்போகிறது, ஏரியோ மேலே இருக்கிறது, புகைகூட எட்டாது என்று அவளுக்கு ஒரே குஷி. ஏரி முகாம் என்று விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்தும்விட்டாள்.

கிளம்புவதற்கு முதல் நாள், விதிப்படி, தன் திட்டத்தைத் தொலைபேசியில் காவலருக்குப் படித்துக் காட்டினாள். அவர் குறுக்கிட்டார்.

"ஏரி முகாமா? கீழ்காத்துன்னு சொன்னேனேம்மா."

"ஆமாங்க. காத்து கீழ. ஏரி மேலதானே இருக்கு?"

அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"அம்மா, கீழ்காத்துன்னா கிழக்குக் காத்து. தீயை அது மேற்கே தள்ளும். ஏரிப் பக்கமா. இப்போ காத்து மெதுவாத்தான் இருக்கு, அதனால மூடல. ஆனா நானா இருந்தா போகமாட்டேன்."

புள்ளியக்கா நோட்டைப் புரட்டித் தான் விட்ட அந்த இடைவெளியைப் பார்த்தாள். கீழ் என்றால் கிழக்கு என்பது அவளுக்குத் தெரியாதா? எத்தனை புத்தகத்தில் அவளே திருத்தியிருக்கிறாள். மலை, உயரம், ஏரி என்று மனசு ஒரே பக்கமாக ஓடியதில் அந்தப் பொருள் தோன்றவே இல்லை. ஓர் எழுத்துகூட இல்லை, எழுத்து இல்லாத ஒரு வெற்றிடம், இரண்டு உயிரைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியிருக்கும். நெடுநேரம் ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு வனத்துறை அலுவலகத்துக்குப் பேசிப் பாறை முகாமுக்கு மாற்றச் சொன்னாள். தங்கையிடம் மட்டும், "பாறையிலேர்ந்து பாத்தா ஏரி இன்னும் நல்லாத் தெரியுமாம்," என்று ஒரு புளுகு விட்டாள்.

இரண்டாம் நாள் மாலை அவர்கள் முகாமுக்கு மேலே, ஏரியைவிட உயரமான ஒரு பாறைமேல் ஏறி நின்றார்கள். எதிர்ச்சரிவில், மரங்களுக்கு நடுவே, ஏரி தெரிந்தது. படத்தில் பார்த்ததைவிடச் சின்னது, ஆனால் அப்படியொரு நீலத்தை எந்த அச்சகத்தாலும் கொண்டுவர முடியாது. புள்ளியக்காவின் கண் நிறைந்துவிட்டது.

திடீரென்று முதுகுப் பக்கமிருந்து காற்று பலமாக வந்தது. பள்ளத்துத் தீ எழுந்தது. எழுந்தது என்றால் சாதாரணமாக இல்லை, அவர்கள் ஊர்க் கட்டடங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் எட்டாத உயரம். மேற்குச் சரிவில் அது ஓடி ஏறிய இரைச்சல் காலடிப் பாறையில் அதிர்ந்தது. பயப்படக்கூடத் தோன்றவில்லை. இவ்வளவு பெரிய ஒன்றின் முன்னால் தான் இத்தனை சின்னதாக நிற்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லவேளை, நீ பாறையை எடுத்த," என்றாள் தங்கை. "உன் கண்ணுக்கு எதுவுமே தப்பாதுக்கா."

அந்த வார்த்தையை அவளால் தாங்க முடியவில்லை.

"தப்பிச்சுடுச்சுடி," என்றாள். "நான் எழுதிக் கொடுத்தது ஏரி முகாம். காத்தைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். போன்ல அந்தக் காவலர்தான் தடுத்தார். அவர் மட்டும் கேக்கலன்னா நேரா உன்னை அங்கதான் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

தங்கை எதிர்ச்சரிவையே பார்த்தாள்.

"கூடாரத்தை எங்க போட்டிருப்போம்?"

புள்ளியக்கா கையை நீட்டிக் காட்டினாள். ஏரிக்கு இந்தப் பக்கம், கொஞ்சம் சமதரை. தீ இன்னும் அங்கே வரவில்லை. தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆஸ்பத்திரியில் பிடிக்கிற மாதிரி, நாடியின்மேல் விரலை வைத்து. தீ வந்து அந்தத் தரையை மூடுகிறவரை இருவரும் வேறெங்கும் பார்க்கவில்லை.

"இந்நேரம் அங்க டீ போட்டுட்டிருப்போம்," என்றாள் தங்கை.