உள்ளங்கையில் ஒரு சொல்

கெட்டிலின் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார் எசேக்கியா மாமா. விசில் அலறுகிறது. வாசலில் கட்டியிருக்கும் நாய்கூடக் காதை மடக்கிக்கொண்டுவிட்டது. மாமா மட்டும் அவசரப்படவில்லை. கைப்பிடியின் நடுக்கம் அவர் நினைத்த அளவுக்கு வந்த பிறகுதான் அடுப்பை அணைக்கிறார்.

“கொதிச்சிருச்சு” என்கிறார்.

“டிரெய்லர் நிக்கிற இந்தத் திடலுக்கே தெரியும்” என்கிறாள் மிசெல்லி அத்தை. “சக்கர எத்தன?”

“அவிழ்த்து விட்டாச்சு. மேயுது.”

குதிரையைப் பற்றிக் கேட்டதாக நினைத்துவிட்டார். அத்தை இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்குகிறாள்.

மாமா குள்ளம். தலைமுடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருப்பார். கால்சட்டைக்கு எப்போதும் தோள்பட்டை வார். சேற்றுப் பூட்ஸைக் கழற்றி டிரெய்லர் படியில் வைக்கும்போது நுனி வெளியே பார்க்கும்படி வைப்பார். அவசரமாகக் கிளம்ப வசதி என்பார். அவர் அவசரமாகக் கிளம்பி நான் பார்த்ததில்லை. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பூராவும் மற்றவர்களின் தோட்டத்தில் மரம் வெட்டுவதுதான் தொழில். இடது காதை மோட்டார் ரம்பம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. வலது காது வாலிப வயதில் வாங்கிய ஒரே குத்தில் போனது. இது அத்தைக்குத் தெரியும். பக்கத்து டிரெய்லரில் இருப்பதால் எனக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

கூட்டத்தில் அவர் பேசமாட்டார். எதிரில் இருப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், கடைசியில் மெல்லத் தலையாட்டுவார். அதை எல்லோரும் நிதானம் என்று நினைக்கிறார்கள். “எசேக்கியாகிட்ட சொன்னா மனசு ஆறும்ப்பா” என்பார்கள். அவர் காதில் எதுவுமே விழவில்லை என்று தெரிந்தால் எவ்வளவு ஆறும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்த நிதானத்துக்காகத்தான் சண்டைக்கு நடுவராக அவரை அழைக்கிறார்கள். இரண்டு குடும்பங்களுக்குள் தகராறு முற்றினால், வீட்டுக்கு ஒருவன் வெறும் கையோடு ஒரு சந்தில் நின்று அடித்துத் தீர்த்துக்கொள்வது எங்கள் ஜிப்சி சனத்தின் வழக்கம். இல்லாவிட்டால் தடியும் நெருப்பும் டிரெய்லர் வாசலுக்கே வந்துவிடும். குடும்பத்தார் யாரும் அங்கே போகக் கூடாது. படம் எடுக்க ஒரு பக்கத்துக்கு ஒருவன் மட்டும் போகலாம். நடுவில் நிற்பவர் இரண்டு பக்கத்துக்கும் உறவில்லாதவராக இருக்க வேண்டும். கடிக்கக் கூடாது, விழுந்தவனை அடிக்கக் கூடாது. முடியாதவன் “பெஸ்ட்” என்று சொல்லிவிட வேண்டும். உனக்கே பெஸ்ட், நீயே கெட்டிக்காரன் என்று அர்த்தம். அதோடு சண்டை முடிந்தது. மூச்சு வாங்க மட்டும் நேரம் வேண்டுமென்றால் “ரெஸ்ட்” என்று கேட்கலாம். எந்தச் சொல்லாக இருந்தாலும் நடுவரிடம் போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு. பெஸ்ட் சொன்னவனின் பேரன்கூட அதைக் கேட்டுக்கொண்டுதான் வளர வேண்டும்.

அப்படி நடுவராக அழைக்க ஒருநாள் ஒருவர் வந்தார். ஜாஸ்பரின் பெரியப்பா. குதிரைச் சந்தையில் ஜாஸ்பர், “உங்கப்பன் எங்கப்பனுக்கு பெஸ்ட் குடுத்தவன்தானே” என்று கோலியாத்திடம் சொல்லிவிட்டானாம். கோலியாத்துடைய அப்பா செத்து ஒரு குளிர்காலம்தான் ஆகிறது. எழுந்து வந்து இல்லை என்று சொல்ல அவரால் முடியாது. மகன்தான் சொல்ல வேண்டும். பெயர்தான் பைபிள் ராட்சதனுடையது, ஆள் துடைப்பக் குச்சி.

மாமா அவர் முகத்தைப் பார்த்தார், தலையாட்டினார். வந்தவர் மனம் ஆறிக் கிளம்பினார்.

அவர் போனதும் அத்தை மாமாவின் எதிரே வந்து உட்கார்ந்தாள். “போகாதய்யா. அந்தப் பையன் சொல்றது ஒனக்குக் கேக்காமப் போச்சுன்னா?”

“உதட்டப் பாத்துக்குவேன். பெஸ்ட்டுன்னா உதடு ஒட்டும். ரெஸ்ட்டுன்னா ஒட்டாது.”

“உதடு கிழிஞ்சு தொங்கும்போது எதப் பாப்ப?”

மாமா குனிந்து தேநீரைப் பார்த்தார். அத்தை அவர் முகவாயைத் தொட்டு நிமிர்த்தினாள்.

“காது போச்சுன்னு சொல்லிரு.”

“சொன்னா அப்புறம் எவன் கூப்பிடுவான் மிசெல்லி? பாவம் செவிடன்னு சொல்லி நாற்காலி எடுத்துப் போடுவாங்க.”

சண்டை நாளன்று காலையில் அத்தை கண்ணாடி அலமாரியிலிருந்த பூப்போட்ட கோப்பைகளை எல்லாம் இறக்கிக் கழுவினாள். அவற்றில் அழுக்கே இல்லை. கழுவி முடிப்பதற்குள் என் ஃபோனுக்கு வீடியோ வந்துவிட்டது. ஈரக் கையோடு ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முட்டைக்கோஸ் வயல்களுக்கு நடுவே ஒரு மண்பாதை. ஜாஸ்பர் அகலமாக, சட்டையில்லாமல் நிற்கிறான். கோலியாத்தின் விலா எலும்பை எண்ணலாம். மாமா இருவர் கைகளையும் திருப்பிப் பார்த்து மோதிரம் இல்லையென்று உறுதி செய்துகொண்டு பின்னால் நகர்கிறார். ஆரம்பத்திலேயே கோலியாத்தின் உதடு கிழிந்துவிட்டது. “அய்யோ” என்றாள் அத்தை. அடிபட்டவனுக்காக மட்டும் சொன்னதாகத் தெரியவில்லை.

அவன் விடவில்லை. அடி வாங்கினான், கொடுத்தான், சேற்றில் வழுக்கினான், எழுந்தான். பிறகு ஒரு முழங்கால் மடங்கித் தரையில் பட்டது. வாய் அசைந்தது.

“பெஸ்ட்! சொல்லிட்டான்! எனக்குக் கேட்டுச்சு!” படமெடுப்பவன் கத்துகிறான். ஜாஸ்பர் பக்கத்து ஆள்.

“ரெஸ்ட்டுன்னான்டா, புளுகா!” இது கோலியாத்தின் ஆள்.

“அப்பன மாதிரியே குடுத்துட்டான்டா!”

“வாய மூடுறா! மாமா, நீ சொல்லு!”

படம் மாமாவின் முகத்துக்குப் போகிறது. எப்போதும்போல் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

“தலைய ஆட்டிராத” என்றாள் அத்தை ஃபோனைப் பார்த்து. “என் ராசா, தலைய மட்டும் ஆட்டிராத.”

அவர் ஆட்டவில்லை. “எனக்குக் கேக்கல” என்றார்.

“சத்தமாச் சொல்லுடா கோலியாத்து!” கோலியாத்தின் ஆள் மாமாவின் கண்ணெதிரே கத்தினான்.

“சத்தமாச் சொன்னாலும் கேக்காது. எனக்குக் காது போய் ரொம்ப நாளாச்சு.”

முட்டைக்கோஸ் இலைகளில் காற்று அடிப்பது மட்டும் கேட்டது. பிறகு யாரோ ஒருவன் சிரித்தான். “செவிடனையாடா நடுவுல நிறுத்திருக்கோம்?”

அவன் சொன்னதுகூட மாமாவுக்குக் கேட்கவில்லை. கோலியாத்தின் எதிரே சேற்றில் மண்டியிட்டார். அவன் வாய்க்கு நேரே உள்ளங்கையை நீட்டினார். “இதுல சொல்லு தம்பி.” கண்ணை மூடிக்கொண்டார். கோலியாத்தின் வீங்கிய வாய் அசைந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை.

மாமா எழுந்து அதே கையை ஜாஸ்பரிடம் நீட்டினார். “நீ இதுல பெஸ்ட்டுன்னு சொல்லு, பாப்போம்.”

ஜாஸ்பர் வாயைத் திறந்தான், சட்டென்று மூடிக்கொண்டான். “அடப் போ மாமா! அத நான் எதுக்குச் சொல்றேன்?”

படமெடுப்பவன்கூடச் சிரித்துவிட்டான். படம் குலுங்கியது. ரத்தம் ஒழுக கோலியாத்தும் சிரித்தான்.

“சரி, நானே சொல்றேன்” என்று தன் உள்ளங்கையில் தானே சொல்லிக்கொண்டார் மாமா. “பெஸ்ட். காத்து கையில வந்து அடிக்குது. இவன் சொன்னது அடிக்கல. இவன் கேட்டது ரெஸ்ட்டு.”

“இப்ப மாத்திச் சொல்லிருப்பான்!” என்று கத்தினான் படமெடுப்பவன். ஜாஸ்பர் அதை மாமாவின் முகத்துக்கு நேரே நின்று திருப்பிச் சொன்னான்.

“சொல்லட்டுமே. என் கைக்கு வந்ததுதான் கணக்கு. அவன் இன்னும் குடுக்கல.”

கோலியாத் மூச்சு வாங்கி எழுந்தான். மறுபடி அடித்துக்கொண்டார்கள். கடைசியில் இருவராலும் தோளுக்கு மேல் கையைத் தூக்க முடியவில்லை. ஒருவன்மேல் ஒருவன் சாய்ந்து நின்றார்கள். மாமா இருவர் கையையும் பிடித்துச் சேர்த்துவைத்தார். “யாரும் யாருக்கும் குடுக்கல. வீட்டுக்குப் போங்கடா.”

வீடியோ முடிந்த பிறகும் அத்தை கறுத்துப்போன திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அது எத்தனை திடல்களுக்குப் போயிருக்கும்!

மாமாவின் வேன் வந்தது. முழங்கால் இரண்டிலும் சேறு. பூட்ஸைக் கழற்றி, நுனி உள்ளே பார்க்கும்படி வைத்தார். நாங்கள் பார்த்துவிட்டது அவருக்குத் தெரியாது. உள்ளே வந்து கெட்டிலை அடுப்பில் ஏற்றி, கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு, முதுகைக் காட்டியபடியே, “மிசெல்லி, ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தார்.

அத்தை பின்னாலிருந்து போய் அந்தக் கையைக் கெட்டிலிலிருந்து எடுத்தாள். விரல்களை விரித்து உள்ளங்கையைத் தன் வாயோடு வைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

“ரெண்டு கரண்டி” என்றார். விசில் அலற ஆரம்பித்தது. கையை எடுக்கவில்லை.