பதினோரு சென்டிமீட்டர்

என் அண்ணன் வெல்டர். நிலவில் மனிதர்கள் குடியேறப்போகும் அறைகளுக்கு உலோகச் சட்டம் பற்றவைக்கும் பட்டறையில் ஆறு வருடம் வேலை பார்த்தார். ‘மனிதகுலத்தின் அடுத்த வீடு’ என்று அதன் வாயிலில் எழுதியிருக்கும். அண்ணன் அதை நம்பினார்.

“நிலாவுக்குக் கதவு போடுறீங்க, நம்ம குளியலறைக்கு ஒரு தாழ்ப்பாள் போட நேரமில்ல” என்பார் அண்ணி.

“அங்க காத்து வெளிய போயிடும்டி. இங்க என்ன போகுது?”

“என் மானம் போகுது.”

அண்ணன் கடைசியாகச் செய்தது நோயாளி அறையின் கதவு. வரைபடத்தை மட்டும் நம்புகிற ஆள் இல்லை அவர். ஒரு பலகையில் தானே படுத்துக்கொண்டு, கூட வேலை செய்த இருவரைத் தூக்கச் சொல்லி, கதவுச் சட்டத்துக்குள் திரும்ப முடிகிறதா என்று பார்த்தார். “பொணக் கனம் கனக்குறியே, சாப்பாட்டக் குறைடா” என்று அவர்கள் கிண்டலடித்தார்களாம்.

மறுவாரம் திருத்திய வரைபடம் வந்தது. நோயாளி அறை இருந்த இடத்தில் ‘தாதுக் கிடங்கு’ என்றிருந்தது. கதவின் அகலத்தில் பதினோரு சென்டிமீட்டர் குறைவு. அண்ணன் பொறியாளரிடம் போனார்.

“அப்ப நோயாளிய எங்க சார் படுக்க வைப்பாங்க?”

“திடகாத்திரமான ஆளுங்களாப் பாத்துத்தான் அனுப்புறோம்.”

“போற அன்னிக்குத் திடமாத்தான் சார் இருப்பாங்க.”

பொறியாளர் கெட்டவர் அல்ல. “தாது வந்தாத்தான் முதல் போட்டவன் அடுத்த ராக்கெட் விடுவான். அப்புறம் ஆஸ்பத்திரியே கட்டலாம்” என்றார். அது பொய் என்று அண்ணன் என்னிடம் சொல்லவில்லை. “முதல்ல கல்லு, அப்புறம் மனுசன். அந்த வரிசைதான்டா எனக்குப் பிடிக்கல” என்றார்.

கதவைப் பழைய அளவிலேயே செய்து முடித்தார். சோதனையில் பிடிபட்டார். அளவு தவறிவிட்டது என்று எழுதிக்கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள்.

“அளக்கத் தெரியாதவன்னு என் கையால எழுதணுமா?”

வேலை போயிற்று. வேறொருவர் கதவைக் குறுக்கிப் பற்றவைத்தார். மறுநாள் காலை அண்ணன் குளியலறைக்குத் தாழ்ப்பாள் போட்டார்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு இரண்டாம் மாடிக்கு ஓடிவந்தார்கள். எங்கள் குறுகலான நடையிலிருந்து வாசற்கதவுக்குள் அது திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தோம், நிமிர்த்திப் பார்த்தோம். கடைசியில் போர்வையில் சுருட்டித் தூக்கினோம். படியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

நேற்று அண்ணி அவருடைய அளவு டேப்பை எடுத்து வாசற்கதவை அளந்தார். பிறகு என்னைப் பார்த்தார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.